ரேடியேட்டர் தண்ணீரில் ஒரு வாடை

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். பிறகு யாரும் என்னிடம் சண்டைக்கு வரக் கூடாது.

இன்று காலை பத்தே முக்காலுக்கு, சாத்தூர் நாலுவழிச் சாலை ஓரத்தில் இருக்கும் எங்கள் லாரிப் பட்டறையில், என் வீட்டுக்காரரிடம் ஒரு வெள்ளைத் துணியை எடுத்துக் கொடுத்தேன். கலர்த் துணியைக் கொடுத்திருக்க வேண்டுமோ என்று இப்போது தோன்றுகிறது. அந்தத் துணியை நம்பி, பட்டாசு லோடு ஏற்றிய லாரி ஒன்று மதுரை ரோட்டில் போய்க்கொண்டிருக்கிறது. ஓட்டுகிறவர் சங்கிலிமுத்து.

மணி பதினொன்று ஐந்து. விருதுநகரைத் தாண்டி வண்டியை நிறுத்தி, சூடு ஆறவிட்டு, ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டுப் பன்னிரண்டு மணிக்குள் பட்டறை லேண்ட்லைனுக்குப் போன் பண்ணுவதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அதுவரை சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை. அதனால் எழுதுகிறேன். வேறு இலக்கிய நோக்கம் ஒன்றும் கிடையாது.

(எழுதுவது அச்சில் கலர் விலகிப்போன காலண்டர் தாளின் பின்பக்கத்தில். சிவகாசி அச்சகத்திலிருந்து எடைக்கு வாங்கியது. தாளைத் திருப்பினால் முருகனுக்கு இரண்டு வேல். இதுவரை நான்கு கதைகள் இப்படித்தான் எழுதினேன், இரண்டு அச்சில் வந்தன.)

2

முதல் தொடக்கம்: கரிசல் காட்டின் மேல் வெயில் மெல்ல —

வேண்டாம். வெயில் மெல்ல வந்ததே இல்லை இங்கே.

இரண்டாவது தொடக்கம்: எழில் ஒரு கெட்டிக்கார மெக்கானிக். எந்த இன்ஜினையும் —

என் வீட்டுக்காரருக்கு எழில் என்று பேர் வைத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை. எழில் என்கிற ஆளுக்கு மூக்கு நன்றாக வேலை செய்யும் என்று தோன்றுகிறது. நிஜப் பேரே இருக்கட்டும். பெத்தணன்.

மூன்றாவது தொடக்கம்: வடக்குப் பக்கம் வெ —

அடித்துவிட்டேன். எப்படி அடித்தேன் என்றால் தாள் கிழிந்து முருகனின் முகம் வரைக்கும் போய்விட்டது. எங்கள் பக்கத்தில் அந்த வார்த்தையை யாரும் வாயால் சொல்ல மாட்டோம். "சத்தம் கேட்டுச்சாம்" என்போம். கேட்டவர் "எந்தப் பக்கம்?" என்பார். அதற்கு மேல் பேச்சு கிடையாது. வெளியே வந்து புகை எங்கே எழுகிறது என்று பார்ப்போம். அந்தப் பக்கம் வேலைக்குப் போனவர்கள் யார் யார் என்று மனசு தானாக எண்ணும்.

போன மாதம்கூட ஒரு சத்தம். அதிலிருந்து எனக்குக் காபியில்கூடப் பட்டாசு மருந்து வாடை அடிக்கிறது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

3

பெத்தணனின் மூக்கைப் பற்றிச் சொல்லாமல் கதை நகராது. சொன்னால் வீட்டில் நான் இருக்க முடியாது. ஆனாலும் சொல்கிறேன்.

பதினெட்டு வயதிலிருந்து பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் ரூமில் இருந்தவர். சாயங்காலம் வரும்போது அலுமினியப் பவுடர் அப்பி, புருவம் வரைக்கும் வெள்ளிக் கலரில் இருப்பாராம். ஒரு நாள் பக்கத்து ரூமில் சத்தம். கூட வேலை பார்த்த இரண்டு பேர் போய்விட்டார்கள். அன்றைக்கே கம்பெனியை விட்டுவிட்டு லாரிப் பட்டறையில் சேர்ந்தார். உயிர் தப்பியது. மூக்குதான் தப்பவில்லை. கந்தகமோ, எதுவோ, வாடை பிடிக்கிற சக்தியை மொத்தமாகத் தின்றுவிட்டிருந்தது.

கல்யாணமான புதிதில் நான் குழம்பைக் கருகவிட்டேன். தெருவே மூக்கைப் பொத்தியது. இவர் உட்கார்ந்து "நல்லாருக்கு, இன்னும் கொஞ்சம் ஊத்து" என்றார். நான் அதைப் பாசம் என்று நினைத்து ஒரு வாரம் பூரித்துப்போயிருந்தேன். அட கிறுக்கி!

லாரி மெக்கானிக்குக்குக் கண், காது, கை, மூக்கு நாலும் வேண்டும். ஆயில் கருகியதா, கிளட்ச் எரிகிறதா, டீசல் ஒழுகுகிறதா என்பதை முதலில் சொல்வது மூக்குதான். மூக்கு செத்த மெக்கானிக்கிடம் எவன் வண்டியை விடுவான்? அதிலும் பட்டாசு லோடு ஓடுகிற வண்டியை? அதனால் அவர் யாரிடமும் சொல்லவில்லை. என்னிடமும் வாயால் சொல்லவில்லை. நானாகக் கண்டுபிடித்தேன்.

பட்டறைக்கு முன்னால் ஸ்பேர் பார்ட்ஸ் கவுண்டரில் நான் உட்கார்ந்திருப்பேன். என் காலடியில் கை துடைக்கிற பனியன் வேஸ்ட் துணி மூட்டை இரண்டு, வெள்ளை ஒன்று, கலர் ஒன்று. அவர் சந்தேகப்பட்ட தண்ணீரிலோ ஆயிலிலோ துணியை நனைத்துக் கொண்டுவந்து கவுண்டரில் போட்டு, "வேற துணி குடு" என்பார். நனைந்ததைக் கீழே போடுகிற சாக்கில் குனிந்து நான் மோந்து பார்ப்பேன். டீசல் வாடை இருந்தால் கலர்த் துணி கொடுப்பேன். இல்லாவிட்டால் வெள்ளை. எட்டு வருஷமாக இப்படி. ஒரு ஆளுக்கும் தெரியாது. எங்களுக்குள்ளும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியது கிடையாது.

(டிரைவரை மோந்து பார்க்கச் சொல்லலாமே என்று கேட்பீர்கள். நாள் முழுக்க டீசலோடு கிடக்கிறவருக்கு டீசல் வாடை தனியாகத் தெரியாது. உங்கள் வீட்டு வாடை உங்களுக்குத் தெரிகிறதா?)

4

இனி வண்டி. கொஞ்சம் இன்ஜின் வரும், பயப்பட வேண்டாம். பயப்பட வேறு விஷயம் இருக்கிறது.

மூன்று வாரத்துக்கு முன் தங்கை கற்பகவல்லிக்கு வளைகாப்பு என்று இரண்டு நாள் விருதுநகர் போயிருந்தேன். அந்த இரண்டு நாளில்தான் சங்கிலிமுத்து வந்திருக்கிறார்.

"அண்ணே, தண்ணி கொறையிற வண்டியப் பாத்திருக்கேன். இந்தச் சனியன்ல தண்ணி கூடிக்கிட்டே போகுதுண்ணே. ஊத்தாமயே ரேடியேட்டர் நெறஞ்சு வழியுது."

பெத்தணன் மூடியைத் திறந்து பார்த்தார். தண்ணீர் மேல் எண்ணெய்ப் படலம். கண்ணால் பார்த்து இன்ஜின் ஆயில் என்று முடிவு செய்தார். ஆயிலும் தண்ணீரும் பக்கத்துப் பக்கத்தில் ஓடுவது ஆயில் கூலரில். அது ஓட்டை விழுந்தால் இப்படி ஆகும். எனவே ஆயில் கூலரை மாற்றி அனுப்பிவிட்டார்.

நான் கவுண்டரில் இருந்திருந்தால் ஒரே நிமிஷத்தில் கலர்த் துணி கொடுத்திருப்பேன். அது ஆயில் இல்லை, டீசல்.

பத்து நாளில் வண்டி திரும்பி வந்தது. ரேடியேட்டருக்குப் போகிற ரப்பர் ஹோஸ் ஊறி, உப்பி, தொட்டால் கொழகொழவென்று இருந்தது. ரப்பருக்கு டீசல் ஆகாது. சூட்டில் ஓடும்போது அந்த ஹோஸ் வெடித்தால் (இந்த இடத்தில் அந்த வார்த்தையைத் தவிர்க்க முடியவில்லை, மன்னிக்க வேண்டும்) டீசல் கலந்த தண்ணீர் பழுக்கக் காய்ந்த சைலன்சர் குழாய் மேல் பீச்சும். தண்ணீர் ஆவியாகிவிடும். டீசல் நிற்கும். டிரைவர் முதுகுக்குப் பின்னால் ஒன்பது டன் பட்டாசு.

அன்றைக்குத் துணியை மோந்துவிட்டு நான் கொடுத்த கலர்த் துணியை அவர் வாங்கிக்கொண்டு நின்றாரே, அந்த முகம்! பத்து நாளாகத் தான் எதை ரோட்டில் ஓடவிட்டோம் என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. சாப்பாட்டைத் தொடவில்லை.

5

டீசல் எப்படித் தண்ணீருக்குள் வரும்? இன்ஜினுக்கு மேல்மூடி மாதிரி இருக்கும் ஹெட்டில் சிலிண்டருக்கு ஒரு நாசில் உட்கார்ந்திருக்கும். அதுதான் டீசலைப் பீச்சுவது. நாசில் உட்காரும் குழியைச் சுற்றித் தண்ணீர் ஓடும். இரண்டுக்கும் நடுவில் செம்பில் ஒரு உறை, அவ்வளவுதான். உறை கீறினால் டீசல் அந்தப் பக்கம் போய்விடும்.

எந்த உறை என்று கண்டுபிடிக்க, டீசல் லைனில் காற்றை ஏற்றிவிட்டு ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். நானும் எட்டிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு குமிழி வந்தது. இன்னொன்று.

"வருது பாத்தியா," என்றார். குரலில் சந்தோஷம் மாதிரி இருந்தது. நோய் தெரிந்துவிட்டால் பயம் பாதி குறையும் அல்லவா, அந்தச் சந்தோஷம்.

நாசில்களைக் கழற்றினார். நாலாம் நம்பர் குழியில் தண்ணீர் கசிந்து நின்றது. உறையில் நகத்தால் கீறியது போல ஒரு கோடு. ஆறு உறையையும் மாற்றினார். ஹோஸ் எல்லாம் புதுசு. துணி சோப்புப் பவுடர் போட்டு நாலு தடவை ஓடவிட்டு, நாலு தடவை தண்ணீரைக் கொட்டி அலசினார். நேற்று சாயங்காலம் வெறும் வண்டியை விருதுநகர் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போய் வந்தார். துணி நனைத்துக் கொண்டுவந்து போட்டார்.

மோந்து பார்த்தேன். சோப்பு வாடை. டீசல் இல்லை. சத்தியமாக இல்லை. வெள்ளைத் துணி கொடுத்தேன்.

6

இன்று காலை.

லோடு ஏற்றிய பட்டாசு வண்டி எங்கள் பட்டறைக்குள் வராது. உள்ளே வெல்டிங் பொறி பறக்கும். அது கூப்பிடு தூரத்தில் கருவேல மரத்தடியில் நிற்கும், இவர்தான் நடந்து போவார். இன்றும் அப்படித்தான். சிவகாசி பக்கத்துக் குடோனிலிருந்து இருபது கிலோமீட்டர் லோடோடு ஓடி வந்து நின்றது. சங்கிலிமுத்து மட்டும் கவுண்டருக்கு வந்தார்.

"மதினி, காபி குடிச்சீகளா? என்ன முகமெல்லாம் வாடிப்போயி இருக்கீக?"

"ஒண்ணுமில்ல. போயிட்டுப் போன் போடுங்க. மறந்துறாதீக."

"எங்கிட்ட எங்க மதினி போனு? லோடு எடுக்குற அன்னைக்கு வீட்டுலயே வச்சிட்டு வந்துருவேன். குடோன் கேட்டுல போன வாங்கி வச்சிக்கிருவாக, அங்கனயே மறந்து விட்டுட்டு நாலு தடவ அலைஞ்சிட்டேன். வழியில யாருகிட்டயாவது வாங்கிப் பேசுதேன். ஒங்க கட நம்பரு ஒண்ணுதான் எனக்கு மனப்பாடம்."

வண்டி முதலாளி சீனிச்சாமி அண்ணாச்சியும் வந்து கவுண்டரில் சாய்ந்து நின்றார். சீசன் நேரம். ஏற்கெனவே ஒரு லோடு தவறிவிட்டது என்று பொருமிக்கொண்டிருந்தார். "பெத்தணா ஓ.கே. சொல்லிட்டா எனக்கு ஓ.கே. அவன் கை பட்டா வண்டி பேசும்லா," என்றார்.

என் வீட்டுக்காரர் நனைந்த துணியோடு நடந்து வந்தார். கவுண்டரில் போட்டார். "வேற துணி குடு."

குனிந்தேன். மோந்தேன்.

லேசாக. ரொம்ப லேசாக. இருக்கிறது என்றால் இருக்கிறது, இல்லை என்றால் இல்லை.

அந்த ஒரு நொடியில் நான் நினைத்ததை வரிசையாக எழுதுகிறேன். பழைய டீசல் எங்காவது மூலையில் ஒட்டியிருக்கும், அது சுத்தமாகப் போக நாளாகும். என் மூக்குத்தான் ஒரு மாதமாகக் கோளாறாக இருக்கிறதே, காபியிலேயே மருந்து வாடை வருகிறதே. அண்ணாச்சி பார்த்துக்கொண்டு நிற்கிறார். இரண்டாவது தடவையும் தப்பு என்றால் என் வீட்டுக்காரர் பேர் இந்த ரோட்டில் என்ன ஆவது? அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளையைக் கொடு என்று கண் கெஞ்சியது. அப்படி எனக்குத் தோன்றியது. நிஜமாகவே கெஞ்சியதா என்று தெரியாது.

என் கை வெள்ளை மூட்டைக்குள் போனது.

7

மணி பன்னிரண்டு. போன் வரவில்லை. கையில் இருக்கிற முடிவுகளை எழுதி வைக்கிறேன்.

முடிவு ஒன்று: போன் அடிக்கிறது. "மதினி, தண்ணி பளிங்கு கெணக்கா இருக்கு." நான் அழுதுகொண்டே சிரிக்கிறேன். கதையை மடித்து வைத்துவிட்டுச் சோறு வடிக்கப் போகிறேன். இதுதான் எனக்கு வேண்டும். ஆனால் இப்படி முடிகிற கதையை ஒருத்தரும் நம்ப மாட்டார்கள்.

முடிவு இரண்டு: பட்டறை வாசலில் எல்லோரும் வடக்குப் பக்கம் பார்த்துக்கொண்டு —

முடியாது. எழுதினால் நடந்துவிடுமோ என்று இருக்கிறது. படித்தவள்தான், நாலு கதை எழுதியவள்தான். இருந்தாலும் எழுத மாட்டேன்.

முடிவு மூன்று: பெத்தணன் எல்லோர் முன்னாலும், "எனக்கு வாடை தெரியாது" என்று ஒத்துக்கொள்கிறார்.

இதையும் அடித்துவிட்டேன். பாத்திரத்துக்கு ஒட்டவில்லை. இந்த மனிதர் உயிரே போனாலும் அதைச் சொல்ல மாட்டார். பதினாலு வருஷமாகக் கூட வாழ்கிறேன், எனக்குத் தெரியாதா?

பன்னிரண்டு பத்து. ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தேன். டோன் இருக்கிறது. அந்த நேரத்தில் அவர் கூப்பிட்டிருந்தால் எங்கேஜ்டாக இருந்திருக்குமே என்று அலறி அடித்து வைத்தேன். பட்டாசு வண்டிக்காரர்கள் அடுப்பு எரிகிற ஓட்டல் பக்கம் நிறுத்த மாட்டார்கள். ஆளில்லாத பொட்டலாகப் பார்த்துத்தான் நிறுத்துவார்கள். அங்கே யாரிடம் போன் வாங்குவது? அதனால்தான் லேட். அதனால் மட்டும்தான்.

8

சும்மா இருக்க முடியாமல் எழுதியதை முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். ஒரு எழுத்தாளருக்கு இதைவிட மோசமான தண்டனை இருக்க முடியாது.

ஐந்தாம் பகுதியின் கடைசியைப் பாருங்கள். நேற்று சாயங்காலம்: டீசல் இல்லை. சத்தியமாக இல்லை.

ஆறாம் பகுதியைப் பாருங்கள். இன்று காலை: லேசாக.

ஐயோ.

பழைய டீசல் ஒட்டியிருந்தது என்றால் நேற்றுதானே வாடை அதிகமாக இருந்திருக்க வேண்டும்? அலசிய மறு நாள் குறைய வேண்டியது எப்படிக் கூடும்? என் மூக்குக் கோளாறு என்றால், அதே மூக்குதானே நேற்றும்? வெறும் வண்டியில் இல்லாத வாடை, லோடு ஏற்றி இருபது கிலோமீட்டர் ஓடியதும் வந்திருக்கிறது. உறை மட்டும் கீறியிருக்கவில்லை. உறை உட்காரும் ஹெட்டிலேயே மயிரிழை விரிசல் இருக்கிறது. வெறும் வண்டியில் அது மூடிக்கொண்டு கிடக்கும். பாரம் ஏறிச் சூடானால் வாயைத் திறக்கும். இதை அவரே எனக்கு ஒரு தடவை வேறொரு வண்டியில் காட்டியிருக்கிறார்.

இருபது கிலோமீட்டருக்கு லேசாக. இப்போது ஐம்பது, அறுபது கிலோமீட்டர் ஓடியிருக்கும். மூடி மேல் வழிந்துகொண்டிருக்கும்.

ஒரு மணி நேரத்துக்கு மேலாக நான் கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்த நேரத்தில் எழுந்து போய் ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். இதோ போகிறேன்.

9

சொல்லிவிட்டேன். அவர் பைக்கை எடுக்கிற நேரத்துக்குள் எழுதுகிறேன், கோணல்மாணலாக இருக்கும்.

வேறொரு லாரிக்கு அடியில் படுத்திருந்தார். பக்கத்தில் எலெக்ட்ரீசியன், தகரம் தட்டுகிற டிங்கர் எல்லோரும் இருந்தார்கள். குந்தி உட்கார்ந்து காதோரம் சொன்னேன்.

"ஏங்க, காலையில நான் தப்பான துணியக் குடுத்துட்டேன்."

ஸ்பேனர் சத்தம் நின்றது. "நேத்து?"

"நேத்து நெசமாவே இல்ல. இன்னைக்கு இருந்துச்சு."

வெளியே வந்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஹெட்டு," என்றார். நேராகக் கவுண்டருக்கு வந்து ரிசீவரை எடுத்தார். நான் சீனிச்சாமி அண்ணாச்சியின் எண்ணைச் சுழற்றினேன்.

"அண்ணாச்சி, பெத்தணன் பேசுதேன். வண்டிய நிப்பாட்டணும். தண்ணியில டீசல் வருது. … எனக்குத் தெரியல அண்ணாச்சி. எனக்கு வாடை தெரியாது. மருந்து ரூம்லயே மூக்கு போயிருச்சு. இம்புட்டு வருசமா எம் பொண்டாட்டிதான் மோந்து பாத்துச் சொன்னா."

இவ்வளவு சத்தமாகச் சொன்னார். டிங்கர் கையில் சுத்தியலோடு அப்படியே நின்றார். ரிசீவருக்குள் அண்ணாச்சி கத்துவது எனக்கும் கேட்டது. பிறகு, "வையி, ரோட்டுல இருக்குற நம்ம ஆளுக அம்புட்டு பேருக்கும் சொல்லுதேன். நீ கெளம்பு," என்றார்.

மூன்றாவது முடிவு. பாத்திரத்துக்கு ஒட்டவில்லை என்று நான் அடித்தது. பதினாலு வருஷம் கூட வாழ்ந்தும் எனக்கு இந்த மனிதரைத் தெரியவில்லை. அவர் கண் காலையில் எதைக் கெஞ்சியது என்பதையும் நான் தப்பாகத்தான் படித்திருக்கிறேன்.

ஹாரன் அடிக்கிறார். "சுந்தரி, நீயும் ஏறு! அங்கன மோந்து பாக்க ஆளு வேணும்ல!" எல்லோர் காதிலும் விழும்படி.

நான் போக வேண்டும். முடிவு ரோட்டில் இருக்கிறது, இந்தத் தாளில் இல்லை. ஆனால் சங்கிலிமுத்துவுக்குத் தெரிந்த ஒரே நம்பர் இந்த லேண்ட்லைன். டிங்கரும் எலெக்ட்ரீசியனும் ஆளுக்கொரு வண்டியில் லாரியைத் தேடி எங்களுக்கு முன்பே கிளம்பிவிட்டார்கள். பட்டறையில் யாரும் இல்லை. நீங்கள்தான் இருக்கிறீர்கள். இவ்வளவு தூரம் படித்துவிட்டீர்கள், இனி உங்களுக்கு எல்லாம் தெரியும்.

கவுண்டரில் உட்காருங்கள். அடித்தால் முதல் மணியிலேயே எடுங்கள். அவர் சிரித்துக்கொண்டே, "மதினி, தண்ணி பளிங்கு கெணக்கா இருக்கு" என்பார். நம்பாதீர்கள். அவர் மூக்குக்கு டீசல் தெரியாது. வண்டியைத் திரும்ப எடுக்காதீக என்று சொல்லுங்கள். சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, எதிர்க்காற்றுப் பக்கமாகத் தூரப் போய் நில்லுங்க, பெத்தணன் அண்ணனும் மதினியும் வந்துக்கிட்டிருக்காக என்று சொல்லுங்கள்.

வேறு யாராவது பேசினால், யார் என்று கேட்க வேண்டாம். எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டு, இந்தத் தாளில் கீழே எழுதி வையுங்கள். அதற்காகத்தான் இடம் விட்டிருக்கிறேன்.

கலர்த் துணி ஒன்றை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். ஹாரன் அடிக்கிறார். போனை விட்டு எழுந்துவிடாதீர்கள்.